வெங்கச்சங்கல்லும் சுண்ணாம்புக்கல்லும்

கல் களத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், "கண்ணாடி அக்காவைப் போய்ப் பாரு" என்று சொல்லி அனுப்புவார்கள். வந்தவர்கள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்ணைத் தேடிக் களம் முழுக்கக் கண்ணை ஓட்டுவார்கள். அப்படி யாரும் அங்கே இருக்க மாட்டார்கள். கடைசியில், தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கையில் சுத்தியலோடு குந்தியிருக்கும் ஒருத்தி, "யாரைத் தேடுற? நான்தான்" என்பாள். அவளுடைய கண்ணாடி இடுப்பில் இருந்தது. உடைந்த பாட்டில் ஒன்றின் அடிப்பாகம். ஓரத்தைத் தரையில் தேய்த்து மழுக்கி, சின்னத் துணிப்பையில் போட்டுச் செருகி வைத்திருப்பாள். சந்தேகமான கல் எது கையில் வந்தாலும் அதில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பாள். அதனால் வந்த பெயர்.

களத்தைச் சேர்ந்த ஆலை, நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. லாரியில் வரும் வெள்ளைக் கல்லை மாவாக அரைத்து மூட்டை கட்டி அனுப்புவதுதான் அங்கே தொழில். வெள்ளைக் கல் என்றால் வெங்கச்சங்கல். சாலையோரத்தில் காலில் இடறும், யாரும் குனிந்து எடுக்காத அதே கல்தான். அந்த மாவு கண்ணாடித் தொழிற்சாலைக்கும் தரை ஓடு செய்கிற இடத்துக்கும் போகும். ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் வெங்கச்சங்கல் ஆகிவிடாதே. லாரியில் சுண்ணாம்புக்கல் கலந்து வரும். களத்துப் பெண்கள் பலகைக்கல் என்று சொல்கிற இன்னொரு வெள்ளைக் கல்லும் வரும். அவை கலந்து போனால் வாங்கியவன் லோடையே திருப்பி அனுப்பிவிடுவான். கண்ணாடி அக்கா களத்தில் உட்கார்ந்த பத்தொன்பது வருடத்தில் அவள் கைபட்ட லோடு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

களத்தில் அவளுக்கு நெருக்கமானவள் நெட்டையம்மா. நிஜமாகவே நெட்டை. குந்தி உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மலைத்துப் போய்க் கல் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாமே வெள்ளையாத்தான் இருக்கு. இதுல எதைன்னுக்கா பிரிக்கறது?"

"வெள்ளைய நம்பினா ஏமாந்துடுவ. உடைச்சுப் பாரு" என்றாள் கண்ணாடி அக்கா.

அவள் மூன்று கல்லை எடுத்து மூன்றையும் சுத்தியலால் தட்டினாள். ஒன்று தட்டையாக, தீட்டிய பலகை மாதிரி பளபளவென்று பிளந்தது. "இது பலகைக்கல். கண்ணாடியில கோடு போடும், அதை வெச்சு ஏமாறாத. உடையுற லட்சணத்தைப் பாரு, படிப்படியா உடையும்." இன்னொன்று கன்னாபின்னாவென்று, வளைந்து குழிந்த முகங்களோடு உடைந்தது. உடைந்த இடத்தில் எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுமினுப்பு. "இதுதான் நம்ம ஆளு. இதுக்கு ஒழுங்கா உடையவே தெரியாது, உன் வீட்டுக்காரர் மாதிரி." நெட்டையம்மா சிரித்துவிட்டாள். மூன்றாவது கல்லைக் கண்ணாடியில் இழுத்தபோது கோடு விழவில்லை. வெள்ளைத் தூள்தான் ஒட்டியது. அக்கா பக்கத்தில் இருந்த ஆசிட் பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு விட்டாள். கல் சுறுசுறுவென்று நுரைத்தது. "சுண்ணாம்பு. ஆசிட் பட்டா அழுதுடும். வெங்கச்சங்கல்லு மேல பாட்டிலையே கவுத்தாலும் அசையாது."

"பால் மாதிரி எப்படிக்கா இருக்கு இது?"

"உள்ள பொடிப்பொடியா தண்ணி மாட்டிக்கிட்டிருக்குமாம். எப்பவோ ஒரு இன்ஜினியர் சொன்னாரு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாம். அது இல்லாட்டி ஜன்னல் கண்ணாடி மாதிரி இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் பாக்கலாமாம்."

அவள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனாலும் கல்லைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் மறக்க மாட்டாள். வாழ்க்கையில் தனக்கென்று இருக்கிற ஒரே கெட்டித்தனம் இதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணமும் அந்தக் கல்லால்தான் ஆனது. அவளுடைய கணவருக்கு அரவைக் கொட்டகையில் வேலை. மெஷின் வாயில் கல்லைக் கொட்டுவதும், அடியில் விழும் மாவைச் சாக்கில் பிடிப்பதும் அவர் வேலை. கொட்டகையிலிருந்து வெளியே வரும்போது இமை மயிர்கூட வெள்ளையாக இருக்கும். பேச்சு ரொம்பக் குறைவு. ஒரு மத்தியானம் சாக்கு எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனவர், உள்ளே இருட்டில் அவள் இரண்டு கல்லை வேகமாக உரசிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். உரசிய இடத்தில் கல்லுக்குள்ளேயே மங்கலாக ஒரு வெளிச்சம் வந்து வந்து போனது. கருகல் வாசனை வேறு.

"தீப்பிடிக்கப் போகுது" என்றார்.

"பிடிக்காது. இது கல்லோட வெளிச்சம். வெங்கச்சங்கல்லுதானான்னு இப்படியும் பாக்கலாம்."

மறுநாளும் அவர் சாக்கு எடுக்க வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். அந்த வாரம் அரவைக் கொட்டகையில் சாக்கு மலையாகக் குவிந்ததைப் பார்த்து மேனேஜரே என்ன விஷயம் என்று விசாரித்தாராம். இந்தக் கதையை அவள் பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் பக்கத்தில் நின்று காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பார்.

ஆலையின் வாசலில் ஒரு பலகை இருந்தது. 'சுண்ணாம்புத் தூள் ஆலை' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதை நெட்டையம்மா படித்துக் காட்டிய நாளில் கண்ணாடி அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். "எழுதினவனுக்குக் கல்லே தெரியல, பாவம்." அரவை ஆட்களிடமும் மேனேஜர் சொல்லி வைத்திருந்தார்: யார் கேட்டாலும் சுண்ணாம்பு அரைக்கிறோம் என்று சொல்லுங்கள், சுண்ணாம்புத் தூள் ஒன்றும் செய்யாது, காலம் காலமாக மனுஷன் சுவரில் பூசுகிறான். ஏன் அப்படிச் சொல்லச் சொல்கிறார் என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு பல நாள் நினைத்தாள்.

கணவருக்கு நாற்பத்தாறு வயதில் இருமல் பிடித்தது. முதலில் சளி என்றார்கள். பிறகு புகையால் என்றார்கள். அவர் பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. பிறகு காசநோய் என்று சொல்லி ஒரு மருந்துக்கடைக்குப் பக்கத்திலிருந்த கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடம் விடாமல் விழுங்கினார். மாத்திரையால் சிறுநீர்தான் சிவப்பாகப் போனது. இருமல் அப்படியே இருந்தது. சளியைச் சோதித்த ஒவ்வொரு முறையும் கிருமி இல்லை என்றே சீட்டு வந்தது. மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு வாசல்படியே மாடிப்படி மாதிரி ஆனது. தண்ணீர்க் குடத்தை அவரிடமிருந்து அவள் வாங்கிக்கொண்ட நாளில் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

கடைசியாக நெஞ்சு நோய்க்கென்று தனியாக இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி வெகுநேரம் பார்த்தாள். இரண்டு நுரையீரலிலும் மேல் பாதி முழுக்க, அரிசி நொய்யை அள்ளித் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"அரவை மில்லுல" என்றார் அவர், மூச்சை இழுத்து இழுத்து.

"என்ன அரைக்கறீங்க?"

"சுண்ணாம்பு."

டாக்டரம்மா படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சுண்ணாம்புல இப்படி வராதே."

கண்ணாடி அக்கா வாயைத் திறந்துவிட்டாள். "சுண்ணாம்பு இல்லைங்க. வெங்கச்சங்கல்லு. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்றாரு."

"நிச்சயமா தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதாங்க."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்தக் கல்லை அரைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் மூச்சோடு உள்ளே போகும் என்றும், போனது அங்கேயே தங்கிவிடும் என்றும், அதைச் சுற்றி நுரையீரல் தழும்பாக இறுகிப் போகும் என்றும் நிதானமாகச் சொன்னாள். இனிமேல் கொட்டகைப் பக்கமே போகக் கூடாது என்றாள்.

"கரைக்கறதுக்கு மருந்து உண்டுங்களா?" என்று கேட்டாள் அக்கா.

கேட்டு முடிக்கும் முன்பே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு நாளும் அவளே ஆசிட் ஊற்றிப் பார்த்த கல். டாக்டரம்மா ஏதோ சொல்ல வந்தாள். அக்கா தலையை ஆட்டி, "வேணாங்க, புரியுது" என்று சொல்லிவிட்டுக் கணவரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பொத்தான் ஒன்று மாறிப் போய், பஸ்ஸில் ஏறும்வரை சட்டை கோணலாகவே இருந்தது.

அவர் வேலையை விட்டார். அவள் விடவில்லை. இரண்டு பேரும் விட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. டாக்டரம்மா சும்மா இருக்காமல் தொழிற்சாலை ஆய்வாளருக்குக் கடிதம் எழுதியிருந்தாள். ஒரு மாதம் கழித்து ஆய்வாளர் வந்தார். அவர் வரும் தேதி மேனேஜருக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்திருந்தது. முதல் நாள் சாயங்காலம் இரண்டு லாரி சுண்ணாம்புக்கல் வந்து களத்தின் முன்பக்கம் கொட்டப்பட்டது. வெங்கச்சங்கல் குவியல் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் போனது. மெஷினை நன்றாகக் கழுவினார்கள். அரவை ஆட்களுக்கு முகத்தில் கட்ட வெள்ளைத் துணி கிடைத்தது, முதல் தடவையாக.

ஆய்வாளர் கொஞ்சம் தொந்தியோடு, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். "இங்க கல்லைப் பத்தி நல்லாத் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டார். முப்பது பெண்களும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜரும் பார்த்தார். அவர் மிரட்டவில்லை. கண்ணைக்கூட உருட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது அந்தப் பார்வை. அவளுக்குப் பக்கத்தில் நெட்டையம்மாவின் கை அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"இது என்ன கல்லும்மா?"

"சுண்ணாம்புக்கல்லு சார்."

"எப்பவும் இதுதான் வருமா?"

"எப்பவும் இதுதான் சார்."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குக் களத்தில் எல்லோரும் அவளிடம் ரொம்பப் பிரியமாக இருந்தார்கள். யாரோ அவளுக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்தார்கள். அவள் அதை மூடி ஓரமாக வைத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போய் அவரிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் தலையணை இரண்டை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு அடைத்தது.

"நல்லதுதான் செஞ்ச" என்றார். "மூடிட்டா அத்தனை பேரும் எங்க போவாங்க."

திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆறு வாரம் போனது. அரவைக் கொட்டகையில் மோட்டார்க்காரர் என்று ஒருத்தர் இருந்தார். முப்பத்தொரு வயது, கைக்குழந்தை வேறு. வேலை நேரத்திலேயே ரத்தமாக வாந்தி எடுத்துச் சாக்குக் குவியலில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. சாவுச் சீட்டில் காசநோய் என்று இருந்தது. கண்ணாடி அக்கா அந்த வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை. குழந்தையை யாரோ தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அது அழாமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் களத்துக்குப் போகவில்லை. ஒரு பையில் நாலைந்து கல்லும், கண்ணாடியும், ஆசிட் பாட்டிலும் எடுத்துக்கொண்டு ஆய்வாளர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள். பியூன் உள்ளே விடாமல் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தான். கடைசியில் ஆய்வாளரே வெளியே வந்தபோது எழுந்து நின்றாள்.

"சார், அன்னைக்கு நான் சொன்னது பொய்."

அவர் உள்ளே கூப்பிட்டார். அவள் மேஜைக் கண்ணாடியில் கல்லை வைக்கப் போனபோது, "ஐயோ, மேஜையில வேணாம்மா" என்று பதறி ஒரு பழைய காகிதக் கட்டை நகர்த்திக் கொடுத்தார். அவள் தன் கண்ணாடியில் சுண்ணாம்புக்கல்லை இழுத்துக் காட்டினாள். கோடு விழவில்லை. வெங்கச்சங்கல்லை இழுத்தாள். ஆழமாக விழுந்தது. இரண்டின் மேலும் ஒவ்வொரு சொட்டு ஆசிட் விட்டாள். ஒன்று நுரைத்தது. மற்றது ஈரமாக மட்டும் கிடந்தது. பிறகு தார்ப்பாய், இரண்டு லாரி, மெஷின் கழுவியது எல்லாவற்றையும் வரிசை தப்பாமல் சொன்னாள்.

"ஏம்மா அன்னைக்குச் சொல்லல?"

"பயம் சார்." கல்லைப் பையில் எடுத்துப் போட்டபடி, "அன்னைக்கே சொல்லியிருந்தா மோட்டார்க்காரரு பிழைச்சிருப்பாரா?" என்று கேட்டாள்.

ஆய்வாளர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "அவரு உள்ள அது எப்பவோ போயிருக்கும்மா" என்றார். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அந்த ஆறு வாரத்தையே எண்ணிக்கொண்டு வந்தாள்.

இந்த முறை ஆய்வாளர் சொல்லாமல் வந்தார். சாக்கிலிருந்த மாவையே அள்ளிக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். ஆலைக்குப் பூட்டு விழுந்தது. தூள் பறக்காமல் தண்ணீர் தெளிக்கும் குழாய் போட்டு, நல்ல முகமூடி கொடுத்து, எல்லா ஆட்களுக்கும் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் திறக்கலாம் என்று உத்தரவு.

அதற்குப் பிறகு தெருவில் அவளுக்கு முகம் கொடுக்க ஆள் இல்லை. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். நெட்டையம்மா வீட்டு வாசலுக்கே வந்து, உள்ளே வராமல் நின்று கேட்டாள்.

"உன் வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு, அதனால எங்க வாயிலயும் மண்ணைப் போட்டுட்ட. அப்படித்தானேக்கா?"

"உன் வீட்டுக்காரரும் அதே கொட்டகையிலதான் இருக்காரு தங்கச்சி."

"எங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்காரு. உன் வாயை வெக்காத."

உள்ளே கட்டிலில் இருந்தவருக்கு எல்லாம் கேட்டது. நெட்டையம்மா போன பிறகு அவர் கையை நீட்டினார். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பேச மூச்சு இல்லை. அந்த நாட்களில் ஒரு வாக்கியத்துக்கு அவர் மூன்று முறை நிறுத்த வேண்டியிருந்தது. அதனால் தேவையானதை மட்டும்தான் பேசுவார். தண்ணி. ஜன்னல். திருப்பு.

ஆலை பூட்டிய ஐம்பதாவது நாள், காலையில் அவள் அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் போய்விட்டார். வெளியூரில் துணிக் கம்பெனியில் வேலை பார்த்த மகள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தாள். தெருவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஆலையிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட சாவுச் சீட்டில் கல் தூளால் வந்த நோய் என்று தெளிவாக எழுதியிருந்தது. மகளிடம் அதைப் படித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டாள் அக்கா.

ஐந்து மாதம் கழித்து ஆலை திறந்தது. வாசல் பலகையை மாற்றினார்கள். குழாய் போட்டார்கள். கொஞ்ச நாள் தண்ணீரும் வந்தது. மாவு ஈரமாகிக் கட்டி தட்டுகிறது என்று பிறகு பாதி நாள் குழாயை மூடிவிட்டார்கள் என்று கேள்வி. முகமூடி மட்டும் நிலைத்தது. அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை. ஒரு விடுதியில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று கால் விரலிடுக்கு வெந்து போனது. வந்து தங்கச் சொல்லி மகள் கூப்பிட்டுப் பார்த்தாள். அக்கா போகவில்லை. அவர் கிடந்த ஜன்னலோரக் கட்டிலை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

நெட்டையம்மா இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை. எதிரே வந்தால் அந்தப் பக்கம் போய்விடுவாள். ஒரு நாள் காலையில் விடுதியின் பின்வாசலில் வந்து நின்றாள். கையில் பெரிய காகித உறை. எக்ஸ்ரே உறை என்று அக்காவுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

"ஆலையில எடுத்தாங்க. எங்கயும் காட்டல" என்றாள் நெட்டையம்மா. "நேத்து மாவு மூட்டையைத் தூக்க முடியலன்னு உக்காந்துட்டாரு."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் விடுதிக்காரரிடம் அரைநாள் விடுப்பு கேட்டாள். நெட்டையம்மாவின் கணவர் சாலை முனையில், மூடிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் டாக்டரம்மா இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள். அவருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெண்கள் இருவரும் அவருக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தார்கள். உறை நெட்டையம்மாவின் நீண்ட முழங்கால்கள் மேல் இருந்தது.

பாலத்தைத் தாண்டும்போது நெட்டையம்மா தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"அண்ணன் கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாராக்கா?"

முன்னால் அவளுடைய கணவரின் பின்கழுத்து தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின.

"ஆமா" என்றாள் அக்கா. "ரொம்பத்தான் பட்டாரு."

நெட்டையம்மா தலையை ஆட்டினாள். அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. நின்றிருந்த ஒருத்தியின் பை உறையில் இடிக்கவும், அக்கா அதைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள்.